அன்னன் கரி

1

இந்த நாட்டில் தீபாவளிக்கு வீட்டைத் திறந்து போடுவார்கள். திறந்த இல்ல உபசரிப்பு என்று அதற்குப் பெயர். தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவரின் காரில் தொற்றிக்கொண்டு வந்தவர் எல்லாரும் உள்ளே வந்து, ஒரு காகிதத் தட்டை எடுத்து, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, போகும்போது இன்னொரு தட்டில் கட்டிக்கொண்டும் போவார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கேட்க நன்றாக இருக்கும். எவ்வளவு பெரிய மனசு என்பீர்கள். நூறு பேர் மிதித்துவிட்டுப் போன குளியலறையைக் கழுவியவளிடம் வந்து கேளுங்கள்.

மலேசியாவில், இந்தக் கோலா சிலாங்கூரில் எனக்கு இது இருபத்தாறாவது வருடம். அதில் ஒரு தடவைகூட என் வீட்டை நான் இப்படித் திறந்ததில்லை. இந்த வருடம் திறந்தது. திறந்தவள் என் கணவரின் தங்கை செல்வி. நான் ஏன் விட்டுக்கொடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெருந்தன்மைக்காரி என்று நினைத்து ஏமாறக் கூடாது. எனக்கு அவளிடம் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

இத்தனை வருடம் ஆகியும் நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. கணவர் மாணிக்கம் இருந்தவரை, இங்கே தங்குவதற்கான என் அனுமதி, பாஸ், முடியும்போதெல்லாம் குடிநுழைவு அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போடுவார். நான் இன்னும் கொஞ்ச காலம் இங்கே இருக்கலாம். நிரந்தரமாக இருக்க இரண்டு முறை மனுப் போட்டோம். முதல் முறை ஒரு தாளை வைக்க நானே மறந்தேன். இரண்டாவதற்குப் பதில் வருவதற்குள், ஒரு நாள் அவர் பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அது போன வருடம் வைகாசியில். துக்க வருடம் என்பதால் போன தீபாவளி எங்களுக்கு இல்லை.

இந்தத் தீபாவளி முடிந்த பத்தாம் நாள் என் பாஸ் முடிகிறது. எனக்குப் பொறுப்பேற்று இந்த நாட்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மகள் யாழினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். இங்கேயே இருந்து இங்கேயே சம்பளம் வாங்குகிற ஆள் இருந்தால் நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படி எனக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் செல்வி. இந்த இருபத்தாறு வருடத்தில் என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிடாத செல்வி.

கையெழுத்து கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மன்னார்குடியில் அண்ணன் 'வந்துடு, உன் ரூம் அப்படியே இருக்கு' என்கிறார். வீடியோவில் பார்த்தேன். என் அறையில் அவர் மகன் எடை தூக்குகிற கம்பிகளைப் போட்டு வைத்திருக்கிறான்.

2

செல்வி ஏன் என் வீட்டில் சாப்பிடுவதில்லை என்பதற்கு ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

மன்னார்குடியில் எங்கள் வீடு சுத்த சைவம். நான் பி.ஏ. தமிழ். மலேசிய மாப்பிள்ளை என்றதும் என் அப்பா இரட்டைக் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜாதகத்தைக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது செம்பனை மரம். வடக்கே சுங்கை பெசார் வரைக்கும் போனால் நெல் வயல், இந்தப் பக்கம் திரும்பினால் மறுபடி செம்பனை. நடுவில் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் வீடு வாங்கி, இன்னமும் லயத்தில் பேசுகிற குரலிலேயே பேசுகிற ஒரு குடும்பம்.

வந்த மூன்றாம் நாள் என்னைப் பார்க்க ஆள் வந்தார்கள். மாமியார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "வந்தவங்களுக்குத் தண்ணி கலக்கும்மா" என்றார். நம் ஊரில் தண்ணி கலப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் பால்காரர், இன்னொருவர் குடிகாரர். இரண்டும் பொருந்தவில்லை. அடுப்பைப் பார்த்தேன். சாம்பார் கொஞ்சம், ஆள் அதிகம். சரி, இதுதான் இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று இரண்டு சொம்புத் தண்ணீரைச் சாம்பாரில் ஊற்றிக் கலக்கினேன். இங்கே தண்ணி கலக்குவது என்றால் தேநீரோ காப்பியோ சிரப்போ போட்டுக் கொடுப்பது என்று அப்புறம்தான் தெரிந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் செல்வி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

தமிழில் முதல் வகுப்பில் தேறியவளை, 'வந்துச்சி போச்சி' என்று பேசுகிற கூட்டம் தமிழ் தெரியாதவள் என்று சிரித்ததை நான் மன்னிக்கவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு மாமியார் வீட்டில் செல்வி ஒரு வாரம் முன்பே ஆட்டுக்கறி, கோழிக்கறி எல்லாம் சமைத்து ஐஸில் வைத்து, அன்றைக்குச் சூடு பண்ணி வைத்தாள். வந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். நான் சாப்பாட்டில்தான் சைவம், வாயில் இல்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "எங்க ஊர்ல பொணத்தைத்தான் ஐஸ்ல வைப்பாங்க."

செல்வி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து என் வீட்டுக்கு வருவாள், அண்ணி என்பாள், நான் கலக்கிக் கொடுத்த தண்ணியைக் குடிப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும், "இப்பதான் பசியாறிட்டு வந்தேன் அண்ணி." இருபத்தாறு வருடமாக அவள் இப்போதுதான் பசியாறிவிட்டு வருகிறாள்.

நானும் சளைக்கவில்லை. என் அடுப்பில் காலையில் வைத்தது காலைக்கு, மதியம் வைத்தது மதியத்துக்கு. குளிர்பெட்டியில் பாலும் பூவும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. கணவர் லோரி என்றால் லாரி என்பேன். டுயிட் என்றால் பணம் என்பேன். கடைசியில் லா போட்டால் அந்த லாவை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி சொல்லச் சொல்வேன். வர வர அவர் வீட்டில் பேசுவதே குறைந்தது. தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

3

திட்டம் போட்டவள் யாழினி. நான் தேடித் தேடி வைத்த அழகான பெயர். சிங்கப்பூரில் அவளை யாஸ் என்கிறார்களாம். தொலைபேசியில் தீர்ப்புப் போலச் சொன்னாள்.

"மா, லிசன். அத்தை வீட்ல வேணாம், நம்ம வீட்ல ஓப்பன் ஹவுஸ் வைக்கலாம். அத்தை ஸ்டைல்ல. அத்தைதான் இன்சார்ஜ். நீ ஜஸ்ட் ஸ்மைல் பண்ணு லா."

"எனக்குச் சிரிக்கத் தெரியும்."

"தெரியாது. அண்ட் யாரோட தமிழையும் கரெக்ட் பண்ணாதே. ஒரு வேர்ட்கூட. அப்புறம் நானே அத்தைகிட்ட சைன் கேக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது. பதிலுக்கு ஒரு கையெழுத்து. நியாயமான பேரம்தான்.

முதல் சனிக்கிழமை செல்வியின் கணவர் குமார், வேனில் ஒரு பெரிய ஐஸ் பெட்டியைக் கொண்டு வந்து என் சமையலறையில் இறக்கினார். மூடியைத் திறந்தால் ஒரு ஆள் படுக்கலாம். எனக்கு உடனே ஒன்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் செல்வி வந்தாள். இவர்கள் விருந்து வைப்பது என்பது சமையல் இல்லை, கிடங்கு நிரப்புவது. முதல் வாரம் மசாலாவை வதக்கி ஆற வைத்து டப்பாவில் அடைத்தாள். இரண்டாம் வாரம் கோழி. மூன்றாம் வாரம் ஆடும் இறால் சம்பலும். முறுக்கும் நெய்யுருண்டையும் தகர டின்களில், மூடிக்குச் சுற்றிலும் டேப் ஒட்டி. ஐஸ்கிரீம் வந்த டப்பாக்களைக் கழுவிக் கழுவி வைத்திருப்பாள் போல. ஸ்ட்ராபெரி படம் போட்ட டப்பாவுக்குள் கோழி, சாக்லேட் படம் போட்டதற்குள் ஆடு. அவள் வேலை செய்யும்போது பேசமாட்டாள். தொழிற்சாலையில் வரிசையாக வரும் சாமான்களைப் பார்ப்பது போல டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அலங்காரமும் அதே லட்சணம்தான். வாசலில் மயில் கோலம். பின்பக்கம் உரித்தால் ஒட்டிக்கொள்ளும். நிலைப்படிக்கு மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக், வருடா வருடம் கழுவி மடித்து வைக்கலாம். கூரை விளிம்பெல்லாம் மினுக்கி மினுக்கி அணையும் லிப்-லாப் விளக்கு. இந்த ஊர் ஆற்றங்கரையில் நிஜ மின்மினியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் படகு ஏறுகிறார்கள். இவர்கள் கடையில் வாங்கி ஆணியடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது அந்த டப்பாக்களில் இருந்தது. ஒவ்வொரு டப்பாவின் மேலும் வெள்ளை டேப்பை ஒட்டி, கறுப்பு மையில், தமிழில் பெயர் எழுதியிருந்தாள்.

'கோளி கரி.' 'ஆட்டு கரி.' 'எரா சம்பல்.' 'பருபு உருன்டை.'

கரி என்றால் அடுப்புக்கரி. கோளி என்றால் கோலி விளையாடுவதா, கோள் சொல்பவளா, எனக்குத் தெரியாது. செல்வி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். மேலே படித்ததெல்லாம் மலாய்ப் பள்ளி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறை பாலெடுக்கப் போகும்போதும் அந்தப் பெட்டி என்னைக் கூப்பிட்டது. நாளைக்கு நூறு பேர் வரும் வீட்டில், பி.ஏ. தமிழ் படித்தவள் வீட்டில், இருபது டப்பாவில் அடுப்புக்கரி.

வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம். கையைப் பற்றி யாழினி ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் காலை, செல்வியும், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த யாழினியும் பூவும் வாழையிலையும் வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், டேப்பையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, புது டேப் ஒட்டி, என் கையெழுத்தில் அழகாக எழுதினேன். கோழிக்கறி. ஆட்டுக்கறி. இறால் சம்பல். பருப்பு உருண்டை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று வாரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே மணி நேரம் அதுதான்.

பெட்டியின் அடியில், ஒரு மூலையில், சிவப்புப் பையில் சுற்றி ஒரு சின்ன டப்பா இருந்தது. அதன் மேல் 'அன்னன் கரி' என்று எழுதியிருந்தது.

பார்த்தவுடன் சிரிப்பு வந்தது. அன்னம் என்று எழுத வந்திருக்கிறாள், அதுவும் தப்பு. அன்னம் என்றால் சாதம். சாதத்துக்குப் போட்டுக்கொள்ளும் கறி. வீட்டு ஆட்களுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். வாழ்நாளில் சோறு என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாத செல்வி, ஒரு டப்பாவுக்காக அன்னம் என்ற சொல்லை எங்கிருந்து பிடித்து வந்தாள் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டேப்பை உரித்தேன். 'சாதத்துக்குக் கறி' என்று திருத்தினேன்.

4

மதியம் குமாரும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் ஏணி மேல் ஏறி விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுடச்சுடச் சாதம் வடித்து, ரசம் வைத்து, கோஸ் பொரியல் செய்து கூப்பிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ரசத்தைப் பார்த்தார்கள். பொரியலைப் பார்த்தார்கள்.

"அக்கா, காரமா ஒன்னும் இல்லியா லா?" என்றார் குமார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல? சைவத்தைத் துப்பிய எச்சிலைப் போல் பார்க்கிற ஜாதி இது. ஆனாலும் நான் நல்லவளாக இருக்க வேண்டிய நாள். எடுத்துப் போட வேண்டியது என்னிடம் தயாராக இருந்ததே, என் கையாலேயே பெயர் எழுதி. சின்ன டப்பாவை எடுத்து, உருக்கி, சூடு பண்ணி, மூக்கைப் பொத்திக்கொண்டு பரிமாறினேன். வழித்துச் சாப்பிட்டார்கள். டப்பாவைச் சுடுநீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். செல்வி மனம் குளிர ஒரு காரியம் செய்துவிட்டதாக எனக்கு எண்ணம்.

சாயங்காலம் படையல். இங்கே தீபாவளிக்கு முந்தின நாள், இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுவார்கள். கறி, மீன், சிலர் வீட்டில் கறுப்பு பீர்கூட. எனக்கு முதலிலிருந்தே இது அருவருப்பு. ஆனால் இந்த வருடம் இலைக்கு அந்தப் பக்கம் சுவரில் இருந்தது மாணிக்கத்தின் படம். நான் என் பங்குக்குப் பால்பாயசம் செய்து வைத்தேன். சுடச்சுட.

செல்வி தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தாள். ஒரு டப்பாவை எடுத்தாள், பார்த்தாள். இன்னொன்று. கை மெதுவானது.

"பேரெல்லாம் யாரு மாத்துனது?"

"நான்தான்" என்றேன். பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"செகப்புப் பையில சின்ன டப்பா ஒன்னு இருந்துச்சே."

கழுவிக் கவிழ்த்த டப்பாவை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"அது மத்தியானம் குமாருக்கும் மத்தவங்களுக்கும் போட்டுட்டேனே. சாதத்துக்குன்னு..."

"அது அண்ணனுக்கு வச்சது" என்றாள் செல்வி. சத்தமே இல்லை. "வெரதம் இருந்து, ருசிகூடப் பாக்காம, மொத மொத ஆக்கி எடுத்து வச்சேன். யாரும் தொடாம வைக்கணும்னு அடியில வச்சேன். அதுல அண்ணன்னு எழுதியிருந்தேனே அண்ணி."

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். ஐயோ என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால்கூடப் போதும். என் வாயிலிருந்து வந்தது இது:

"அதுக்கு மூணு சுழி ண போடணும்."

யாழினி "மா" என்றாள். அந்த ஒரு எழுத்தில் இருந்த இகழ்ச்சியை அவள் வேறு எந்த மொழியில் படித்தாளோ தெரியாது.

செல்வி பெட்டியை மூடினாள். கைப்பையை எடுத்தாள். வெளியே போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதோடு என் பாஸும் கிளம்பிவிடும். மேசை இழுப்பறையில் பூர்த்தி செய்த படிவம் கிடந்தது. மன்னார்குடியில் கம்பி தூக்குகிறவன் அறையில் ஒரு கட்டிலை எங்கே போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். இலை வெறுமனே கிடந்தது. மாணிக்கம் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல். அப்போதுதான் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. படிவம் மறந்துபோயிற்று.

ஐஸ் பெட்டியில் மறுநாளுக்கென்று ஒரு பொட்டலம் பச்சை ஆட்டிறைச்சி இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. விரல் விறைத்துப்போனது. கார்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"எப்படி ஆக்கணும்னு சொல்லு" என்றேன்.

பொட்டலத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் வாடை ஆவாதே."

"ஆவாதுதான். சொல்லு."

நான் ஆவாது என்று சொன்னதை அவளும் கவனித்தாள், நானும் கவனித்தேன். இறங்கி வந்தாள்.

சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எதையும் தொடவில்லை. இரண்டு வெங்காயம், இன்னும் கொஞ்சம், பட்டையை முழுசாகப் போடாதீங்க, குக்கரை மூடுங்க என்று உத்தரவு மட்டும். சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருடம் சுடச்சுடச் சமைத்தவள், உப்பு எவ்வளவு என்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன்.

"ருசி பாக்கவா?"

"படையலுக்கு ருசி பாக்கக் கூடாது அண்ணி."

விசிலுக்குக் காத்திருக்கும்போது சொன்னாள், என்னைப் பார்க்காமல்: "வியாழக்கிழமை வியாழக்கிழமை அண்ணன் எங்க வீட்டுக்கு வருவாரு. ஐஸ்ல இருக்கறத எடுத்துச் சூடு பண்ணிக் குடுப்பேன். மொத நாளு வச்சதுதான் அவருக்குப் புடிக்கும். அப்பதான் மசாலா ஏறும்பாரு."

வியாழக்கிழமைகளில் ஆலையில் கூட்டம் என்று என்னிடம் சொல்வார். வந்து என் சாம்பாரையும் சாப்பிடுவார், அரை வயிறாக. எனக்கு வலித்தது. பொய் சொன்னதற்காக இல்லை. நான் கலப்படமே இல்லாமல் சமைத்த இத்தனை ஆயிரம் வேளைகளில் அந்த மனிதர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியாதபடி வைத்திருந்தேனே, அதற்காக.

"ஒன்னு கேக்கவா?" என்றேன். "தொழிற்சாலையில மலாய்லதானே எழுதுவே. டப்பாவுல மட்டும் ஏன் தமிழ்?"

"எனக்கு மலாய்தான் ஈசி" என்றாள் செல்வி. "உங்களுக்கு மலாய் படிக்க வராதுல்ல. உங்க வீட்டு ஐஸ் பெட்டி. அதான்."

குக்கர் விசிலடித்தது. நல்லவேளை.

ஏழரை மணிக்கு இலையில் வைத்தோம். கும்பிட்டு முடிந்து, எடுத்துப் பகிர்ந்தபோது யாழினி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உப்பு இரண்டு பங்கு விழுந்திருந்தது என்று அவள் முகமே சொன்னது. செல்வி இலையை மடித்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று போனாள். அவள் சாப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

5

மறுநாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தோம். மூன்று மணிக்கு ஒரு தட்டு மிச்சமில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பம், எதிர்வீட்டுச் சீனத் தம்பதி, ஆலையில் மாணிக்கத்தோடு இருந்தவர்கள், சுங்கை பெசாரிலிருந்து ஒரு வேன் நிறைய. எல்லாரும் மயில் ஸ்டிக்கரை மிதித்து உள்ளே வந்து, பிளாஸ்டிக் தோரணத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அது நிஜ மாவிலையா என்று தொட்டுப் பார்த்தாள். மூன்று வாரத்துக் கறியைச் செல்வி அரை மணி நேரத்தில் சூடு பண்ணி இறக்கிவிட்டு, புதுச்சேலையோடு உட்கார்ந்து விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் தீபாவளியன்று என் அம்மா ஒரு தடவைகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் வேண்டாவெறுப்பாகக் குறித்து வைக்கிறேன்.

என் வேலை தண்ணி கலக்குவது. ரோஜா நிற சிரப், நாள் முழுக்க, வாளி வாளியாக. யாருடைய தமிழையும் திருத்தவில்லை. ஒரு பெரியவர் என் கையெழுத்து டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது யாரு எழுத்து? பத்திரிகையில அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவரை உட்கார வைத்து இன்னும் இரண்டு கரண்டி போட்டிருப்பேன்.

யாழினி சிங்கப்பூர் பஸ் ஏறும்போது, "மா, அத்தைகிட்ட சைன் நான் கேக்கலை. எனக்கு ஷை ஆயிடுச்சு" என்றாள். நான் அவள் ஆங்கிலத்தைக்கூடத் திருத்தவில்லை.

நானே கேட்டேன். "புதன்கிழமை லீவு போடுறேன்" என்று மட்டும் சொன்னாள் செல்வி.

6

அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். படிவம் மலாயில். யாழினி நிரப்பித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று நானே நிரப்பியது. என் மலாய் கடைத்தெரு மலாய். சாப்பாட்டுக் கடையில், மீன்காரனிடம், பஸ்ஸில். ஆனாலும் பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன்.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைச் செல்வி பக்கம் தள்ளி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். செல்வி வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஒரு கட்டத்தில் நின்றாள். பேனா அசையவில்லை. அண்ணன் கறி, மூணு சுழி, பிணம், ஐஸ் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. போடமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்தால் போடமாட்டேன்.

"அண்ணி, உறவுன்னு ஒரு கட்டம் இருக்கே. நான் உங்களுக்கு யாருன்னு எழுதியிருக்கீங்க?"

"அடிக் ஈப்பார்" என்றேன். நாத்தனாருக்கு மலாயில் அதுதான்.

"அடிக் லாப்பார்னு எழுதியிருக்கீங்க."

லாப்பார் எனக்குத் தெரிந்த சொல்தான். சாப்பாட்டுக் கடையில் தினமும் கேட்பது. அரசாங்கப் படிவத்தில், பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், எனக்குப் பொறுப்பேற்க வந்தவளைப் பற்றி எழுதியிருக்கிறேன்: உறவு, பசித்த தங்கச்சி.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன் அவள் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை என்னால் அவள்மேல் கோபப்பட முடியவில்லை. கவுண்டர்ப் பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

செல்வி கண்ணைத் துடைத்துவிட்டுப் பேனாவை மறுபடி பிடித்தாள்.

"ரெண்டு எழுத்த அடிச்சிட்டு ஒரு எழுத்து போட்டா போதும் அண்ணி. சுழியெல்லாம் வேணாம்."

அடித்தாள், போட்டாள், பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டாள். பிறகு கீழே பெரிய கையெழுத்து. கவுண்டர்ப் பெண் முத்திரை குத்தினாள்.

காரில் ஏறியதும் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன். பதில் என்ன என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்து பசியாறிட்டுப் போறியா?"

செல்வி கண்ணாடியைச் சரி செய்தாள். "வீட்ல என்ன இருக்கு?"

"நேத்து வச்ச சாம்பார்." மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "ஐஸ் பெட்டியில வச்சிருக்கேன்."

திரும்பி என்னை ஒரு முறை முழுசாகப் பார்த்தாள்.

"தண்ணி கலக்கலியே?"

"கலக்கலை" என்றேன்.

ரவாங்குக்குப் போகும் சாலையை விட்டுவிட்டு, வண்டியைக் கோலா சிலாங்கூர்ப் பக்கம் திருப்பினாள்.